கிரீன்னு பேர் இருந்தா போதுமா? பணம் போடறப்ப தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரீன் பாண்ட் (சுற்றுச்சூழலுக்கு நல்லது பண்ற திட்டங்களுக்குன்னு கடன் திரட்டற பத்திரம்), இ.எஸ்.ஜி ஃபண்ட் (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் மூணையும் பாத்து முதலீடு பண்ற ஃபண்டு), கிரீன் டெபாசிட் (அதே மாதிரி திட்டங்களுக்கு கடன் குடுக்க பேங்க் வாங்கற டெபாசிட்)னு இப்ப நிறைய வந்துடுச்சு, 2023 ஜனவரில இந்திய அரசாங்கமே முதல் தடவையா 8,000 கோடி ரூபாய்க்கு கிரீன் பாண்ட் வித்துச்சு. வரவேற்க வேண்டிய விஷயம்தான். ஆனா பணம் போடறவங்க, கடன் குடுக்கறவங்க ரெண்டு பேருமே சில தப்புகள திரும்பத் திரும்ப பண்றாங்க.

அதுல ரொம்பப் பெருசு, கார்பன் குறைஞ்சா இயற்கைக்கும் நல்லதாத்தான் இருக்கும்னு முடிவு பண்ணிடறது. ராஜஸ்தான்ல ஜெய்சல்மேர் பக்கம் பாருங்க. வெயிலுக்கும் காத்துக்கும் குறைவே இல்ல, சோலாருக்கும் காத்தாலைக்கும் அருமையான இடம், ஆனா அழிஞ்சுபோற நிலைல இருக்கற கானமயில் பறவை மிச்சம் மீதி இருக்கறதும் பெரும்பாலும் அங்கதான், மொத்தமே 200க்கும் கம்மி. நல்ல கனமான பறவை, நேர் எதிர்ல இருக்கறது அதுக்கு சரியா தெரியாது, ஹை டென்ஷன் கம்பி பக்கத்துல வந்தப்புறம் சட்டுனு திரும்பவும் முடியாம மோதி செத்துடுது. 2021ல சுப்ரீம் கோர்ட் கம்பிய பூமிக்கு அடியில கொண்டு போகச் சொல்லுச்சு, அது நடைமுறைக்கு ஒத்து வராதுன்னு அரசாங்கம் சொல்ல, 2024 மார்ச்ல அந்த உத்தரவ மாத்தி நிபுணர் குழு போட்டாங்க. சோலார் வேணாம்னு நான் சொல்லவே இல்ல, கண்டிப்பா வேணும். ஆனா கம்பி எந்த வழியா போகுதுன்னு கடன் குடுக்கறதுக்கு முன்னாடியே பேங்க் கேக்கணும், பேப்பர்ல இருக்கும்போது ரூட்ட மாத்தறது சுலபம், கட்டி முடிச்சப்புறம் கோர்ட்டு கேஸ்தான்.

மர எண்ணிக்கைய நம்பறதும் இதே ரகம்தான். இத்தன லட்சம் கன்னு நட்டோம்னு சொன்ன உடனே கைதட்டிடறோம், எங்க நட்டீங்க, என்ன மரம்னு கேக்கறதில்ல. நீலகிரில சோலைக்காட்டு புல்வெளில வாட்டில், யூகலிப்டஸ், பைன்னு நட்டதால புல்வெளி எவ்ளோ அழிஞ்சுபோச்சுன்னு நமக்கே தெரியும், இப்ப அந்த வாட்டில வெட்டி எடுக்கறதே தனி வேலையா நடக்குது.

இ.எஸ்.ஜி ஃபண்டுன்னா சுற்றுச்சூழல் ஃபண்டுன்னு நினைக்காதீங்க. கம்பெனிகளுக்குப் போடற இ.எஸ்.ஜி ஸ்கோர் நிறைய நேரம், சுற்றுச்சூழல் பிரச்சினையால கம்பெனிக்கு என்ன ரிஸ்க்னுதான் பாக்குது, கம்பெனியால சுற்றுச்சூழலுக்கு என்ன கேடுன்னு இல்ல. டாய்ச்ச பேங்க் குழுமத்தோட டி.டபிள்யூ.எஸ்ங்கற முதலீட்டு கம்பெனிக்கு, இ.எஸ்.ஜி பத்தி தப்பா விளம்பரம் பண்ணதுக்காக 2023ல அமெரிக்க பங்குச்சந்தை கண்காணிப்பு அமைப்பான எஸ்.இ.சி 1.9 கோடி டாலர் அபராதம் போட்டுச்சு. அதனால ஃபண்டு பேர விட்டுட்டு அது எந்தெந்த பங்க வெச்சிருக்குன்னு லிஸ்ட்ட எடுத்துப் படிங்க.

கிரீன் பாண்ட்லயும் ஒண்ணு கவனிக்கணும், அந்தப் பணம் போற பிராஜெக்ட்டுக்கு மட்டும்தான் அந்த லேபிள், அதே கம்பெனி இன்னொரு பக்கம் நிலக்கரிக்கு செலவு பண்ணலாம். வருஷா வருஷம் பணம் எங்க போச்சுன்னு ரிப்போர்ட் போடறாங்களான்னு பாருங்க. பேங்க் கிரீன் டெபாசிட்டுக்கு 2023 ஜூன்ல இருந்து ரிசர்வ் பேங்க் விதி இருக்கு, வெளியாள் வெச்சு சரிபார்த்து அறிக்கை வெளியிடணும், அத பாத்துட்டு பணம் போடுங்க.

கடைசியா, புதுசா பணம் திரட்டினா போதும்னு நினைக்கறது. 2022 டிசம்பர்ல மாண்ட்ரீயல்ல நாடுகள் ஒத்துக்கிட்ட பல்லுயிர் ஒப்பந்தத்துல, இயற்கையப் பாதுகாக்க 2030க்குள்ள வருஷத்துக்கு 20,000 கோடி டாலர் திரட்டணும்னு இருக்கு, ஆனா இயற்கைய கெடுக்கற மானியத்த வருஷத்துக்கு 50,000 கோடி டாலர் குறைக்கணும்னும் அதுலயே இருக்கு. முதல் நம்பரப் பத்தி பேசற அளவுக்கு ரெண்டாவதப் பத்தி யாரும் பேசறதில்ல, பெரிய தொகை அதுதான்.