முயலுக்குத் தீனி மாற்றப் போகிறீர்களா? முதலில் புழுக்கையைப் பாருங்கள்

எங்கள் வீட்டு முயல் பவளம் ஒரு வயதுவரை தின்றதைச் சொன்னால் பலருக்குத் தங்கள் வீட்டு முயல் ஞாபகம் வரும். கடையில் வாங்கிய பெல்லட் (அரைத்துக் குச்சியாக அழுத்திய உலர்தீனி) கிண்ணம் நிறைய, பாளையங்கோட்டை மார்க்கெட்டில் கழித்துப் போட்ட முட்டைக்கோஸ் இலை, ஊறவைத்த கொண்டைக்கடலை, ஆச்சி கையால் தினம் ஒரு துண்டு இட்லி. "வாயில்லாச் சீவன்லா, திங்கட்டும்" என்பாள். அவள் பாசத்தில் குறையில்லை. பவளத்தின் பின்பக்க ரோமத்தில்தான் எப்போதும் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது.

காரணம் இதுதான். முயல் இரண்டு விதமாகக் கழிக்கும். ஒன்று, நாம் பார்க்கும் உருண்டைப் புழுக்கை. இன்னொன்று திராட்சைக் கொத்துபோல் கறுத்து மினுங்கும் மென்புழுக்கை; அதை முயல் உடனே வாயால் எடுத்துத் தின்றுவிடும். அதில்தான் அதற்கு வேண்டிய சத்து இருக்கிறது, அருவருக்க வேண்டாம். மாவும் இனிப்பும் கூடி நார் குறைந்தால் இந்த மென்புழுக்கை இளகித் தரையிலும் ரோமத்திலும் அப்பிக்கொள்ளும். பல்லுக்கும் புல் வேண்டும். முன்பல் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளர்ந்துகொண்டே இருக்கும். அரைத்து மென்றால்தான் தேயும். அதனால் தினத்தீனியில் ஐந்தில் நான்கு பங்காவது புல்லாக இருக்க வேண்டும்.

கீழே சொல்வது ஆறேழு மாதம் தாண்டிய முயலுக்கு. குட்டிக்குக் கணக்கு வேறு.

முதல் மூன்று நாள் எதையும் மாற்றாதீர்கள். சமையலறைத் தராசில் முயலையும், தினம் போடும் பெல்லட்டையும் நிறுத்து எழுதுங்கள். காலையில் புழுக்கையை ஒரு தாளில் அள்ளிப் பாருங்கள். நல்ல புழுக்கை கொண்டைக்கடலை அளவில் உருண்டையாக இருக்கும்; பிட்டால் உள்ளே காய்ந்த புல் தூள் தெரியும். மிளகுபோல் சிறுத்து இறுகியிருந்தால் நார் போதவில்லை, குடல் மந்தமாகிறது என்று பொருள். இனி வரும் ஒவ்வொரு முடிவையும் இந்தத் தாளைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். இட்லி, சோறு, பிஸ்கட், கடலை இவற்றை மட்டும் முதல் நாளே நிறுத்திவிடலாம்.

அடுத்தது புல். கார், பிசானம் என்ற இரண்டு போக நெல் அறுவடை முடிந்தால் நம் பக்கம் வைக்கோல் படப்புக்குக் குறைவில்லை. ஆனால் வைக்கோலில் சத்து மிகக் குறைவு. படுக்கைக்குப் போடுங்கள், சாப்பாடாக நம்பாதீர்கள். நம்மிடம் அருகம்புல் இருக்கிறது, கொழுக்கட்டைப்புல் இருக்கிறது. இரண்டும் நல்ல தீனி. மருந்தடித்த வரப்பிலும் வண்டி ஓடும் ரோட்டோரத்திலும் அறுக்க வேண்டாம். அலசி, தட்டட்டியில் (மொட்டை மாடியில்) பாய் விரித்து மெலிதாகப் பரப்பி, காலை வெயில் பட்டதும் நிழலுக்கு மாற்றுங்கள். புரட்டிப் புரட்டி இரண்டு மூன்று நாள் காயவிட்டால் பச்சை நிறம் போகாமல், மணத்தோடு சலசலவென்று இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயவைப்பதைவிட முன்பே சேர்த்துவைப்பது மேல். பூசணம் பிடித்த புல் ஒரு கைப்பிடிகூட ஆகாது. முயலின் உடம்பளவு குவியல் தினமும் வேண்டும். அது கழிக்கும் மூலையை ஒட்டிப் போடுங்கள். முயல் கழித்துக்கொண்டே கொறிக்கும்.

ஒரு வாரம் புல்லை மட்டும் கூடுதலாக வைத்துப் பழக்குங்கள். அது புல்லைத் தின்னத் தொடங்கிய பிறகுதான் பெல்லட்டில் கை வைக்க வேண்டும். பவளம் 2 கிலோ. 120 கிராம் தின்றுகொண்டிருந்ததை இரண்டாம் வாரம் 100, மூன்றாம் வாரம் 75, நான்காம் வாரம் 50 என்று இறக்கினோம். எடையில் கிலோவுக்கு 25 கிராமுக்கு மேல் வேண்டியதில்லை. பெல்லட்டைச் சாயங்காலம் மட்டும் வைத்தால், பகல் பசிக்குப் புல்லைத் தேடும். புழுக்கை சிறுத்தால் அந்த வாரம் இறக்காதீர்கள், முந்தைய அளவுக்கே திரும்புங்கள்.

கீரை கடைசியில். கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை என்று ஒன்றொன்றாக. இரண்டு கிள்ளு கொடுத்து மூன்று நாள் பார்த்துவிட்டு அடுத்தது. முருங்கைக்கீரையில் சுண்ணாம்புச் சத்து அதிகம், வாரத்துக்கு ஓரிரு இணுக்குப் போதும். கேரட் இனிப்புப் பண்டம் மாதிரி. காசு அளவு வில்லை எப்போதாவது. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, தக்காளிச்செடி இலை, மரவள்ளி இலை, இளஞ்சோளப் பயிர், வேலியோர அரளி இவை பக்கத்திலேயே வரக்கூடாது. தண்ணீரை அகன்ற மண்சட்டியில் வையுங்கள், நிறையக் குடிக்கும்.

சித்திரை, வைகாசி வெயிலில் இதைத் தொடங்காதீர்கள். சூட்டில் முயல் ஏற்கெனவே தீனியைக் குறைத்திருக்கும்.

"பட்டினி போட்டா தானா திங்கும்" என்று யாராவது சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள். முயலுக்கு வயிறு காலியானால் குடல் நின்றுவிடும், உயிருக்கே ஆபத்து. 12 மணி நேரம் எதையும் தொடாமல், புழுக்கையும் போடாமல், கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தால் விடியட்டும் என்று இருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நெல்லைப் பக்கம் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. போகும்போது எடை எழுதிய தாளையும், கடைசியாகப் போட்ட புழுக்கை நாலைந்தையும் பொதிந்து எடுத்துப் போங்கள்.