பேப்பர் போடுவதற்கு முன்: மோசமான மேனேஜரிடம் மாட்டியவர்கள் செய்யும் தவறுகள்

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு பதினொன்றரை மணிக்குச் சித்தி மகள் போன் செய்தாள். சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. "அண்ணா, ராஜினாமா மெயில் டைப் பண்ணி வெச்சிருக்கேன். அனுப்பட்டுமா?" என்றாள். அழுது முடித்த குரல். அன்று மாலை நடந்த கூட்டத்தில், பதினான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்க, "இதுகூடத் தெரியாம நாலு வருஷமா இங்க என்ன குப்பை கொட்டுறே?" என்று மேனேஜர் கேட்டிருக்கிறார்.

"டிராஃப்டிலேயே இருக்கட்டும். தூங்கு. சனிக்கிழமை வீட்டுக்கு வா, பேசலாம்" என்றேன்.

அவள் வேலையை விடக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. அந்த ஆள் கத்திய நாளிலேயே விட்டால், அவள் எப்போது போக வேண்டும் என்பதை முடிவு செய்தது அந்த ஆள் என்று ஆகிவிடும். அதைத்தான் தடுக்க நினைத்தேன். பத்தொன்பது வருட வேலையில் நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவைதான்.

முதலில், கண்டிப்பான மேனேஜரையும் மோசமான மேனேஜரையும் ஒன்றாகப் பார்ப்பது. என் முதல் வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில். அங்கிருந்த மேலாளர் என் ஆய்வறிக்கையை ஒரே வாரத்தில் ஆறு முறை திருப்பி அனுப்பினார். சிவப்பு மையில் ஒவ்வொரு எண்ணையும் வட்டமிட்டு, "இது எங்கேருந்து வந்துச்சு?" என்று எழுதியிருப்பார். எனக்கு அழுகை வரும். ஆனால் ஒருநாள் வாடிக்கையாளர் நிறுவனத்தார் வந்து என் தவறைப் பிடித்துச் சத்தம் போட்டபோது, அவர் எழுந்து, "கையெழுத்துப் போட்டது நான். தப்பு என்னுது" என்றார். என் பெயரே வெளியே வரவில்லை. பிறகு வேறொரு இடத்தில் வாய்த்தவர் ஒருமுறைகூடக் குரல் உயர்த்தியதில்லை. "நாம எல்லாம் ஒரே ஃபேமிலி" என்பார். நான் தயாரித்த விளக்கப்படங்களில் என் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். அப்ரைசலில், அதாவது வருடாந்தர வேலை மதிப்பீட்டில், எனக்குக் கடைசி மதிப்பீடு கொடுத்தார். குரலை வைத்து ஆளை எடை போடாதீர்கள். திட்டு உங்கள் வேலையின் மீதா, உங்கள் மீதா? தப்பு நடந்தால் அவர் முன்னால் நிற்கிறாரா, உங்களை முன்னால் தள்ளுகிறாரா? அவருக்குக் கீழே இருந்தவர்கள் இரண்டு வருடத்தில் எத்தனை பேர் போயிருக்கிறார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் போதும், பெரும்பாலும் விளங்கிவிடும்.

மோசம்தான் என்று தெரிந்த பிறகு பலர் செய்வது, இன்னும் அதிகமாக உழைத்து அவர் மனதை மாற்றப் பார்ப்பது. இரவு பத்து மணி வரை உட்காருவார்கள், ஞாயிறும் லேப்டாப்பைத் திறப்பார்கள். வேலையின் தரம் காரணமாகத் திட்டுபவரிடம்தான் தரம் பேசும். ஆளைப் பிடிக்காமல் திட்டுபவரிடம் பேசாது. அந்த உழைப்பில் பாதியை வேறு டீமுக்கு மாற்றம் கேட்பதிலும், புது வேலைக்குத் தயாராவதிலும் போடலாம். ஒரே நிறுவனத்தில் மேனேஜர் மட்டும் மாறி, ஆளே தெளிந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, எச்.ஆரிடம் (பணியாளர் விவகாரங்களைப் பார்க்கும் பிரிவு) போய் மனசைக் கொட்டுவது. அங்கே இருப்பவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் அவர்கள் நிறுவனத்தின் ஆட்கள். "சார் என்னை ரொம்ப மோசமா நடத்துறார்" என்று வாயால் சொன்னது காற்றோடு போகும். தேதி, நேரம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர்கள், இவற்றோடு எழுதிக் கொடுத்தது நிற்கும். அதற்காகத்தான் சித்தி மகளிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கச் சொன்னேன். ஒருநாளைக்கு இரண்டு வரி, உணர்ச்சி கலக்காமல். அதை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆதாரம் சேர்க்கிறேன் என்று அலுவலக மெயில்களைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். பல நிறுவனங்களில் அதுவே விதிமீறல், உங்கள் புகாரை விட்டுவிட்டு உங்களையே விசாரிக்கத் தொடங்குவார்கள்.

பாலியல் தொல்லை என்றால் வழி வேறு. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் அவகாசம் தரலாம். "கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்று இந்தக் கெடுவை நழுவவிட்டவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது.

இனி பணத்துக்கு வருவோம். கோபத்தில் போகிறவர்கள் அதிகம் இழப்பது இங்கேதான்.

என் நண்பன் ஒருவன் நான்கு வருடம் பத்து மாதம் முடிந்திருந்தபோது ஒரு கூட்டத்திலிருந்து எழுந்து வந்து பேப்பர் போட்டான், அதாவது ராஜினாமா கொடுத்தான். நோட்டீஸ் காலம், அதாவது ராஜினாமா கொடுத்த பிறகும் வேலை பார்க்க வேண்டிய காலம், 90 நாள். அந்த முகத்தை இனிமேல் பார்க்க முடியாது என்று, ஒரு மாதம் மட்டும் வேலை பார்த்து, மீதி இரண்டு மாதத்துக்குப் பணம் கட்டிவிட்டு வெளியே வந்தான். பணிக்கொடை (கிராஜுவிட்டி, பொதுவாக 5 வருடம் வேலை பார்த்தவருக்கு வெளியேறும்போது நிறுவனம் தரும் தொகை) கேட்டபோது, "5 வருஷத்துக்கு ஒரு மாசம் குறையுது" என்றார்கள். நோட்டீஸ் காலத்தை முழுதாக வேலை பார்த்திருந்தால் அதுவும் பணிக்காலத்தில் சேர்ந்து 5 வருடத்தைத் தாண்டியிருப்பான். அப்போதைய கணக்கு எளிது: கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையை 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, வருடங்களால் பெருக்க வேண்டும். 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 5 வருடத்துக்குச் சுமார் 1,15,000 ரூபாய். அதை விட்டதோடு, இரண்டு மாதப் பணத்தைக் கையிலிருந்தும் கட்டினான்.

அவனுக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே பணிக்கொடைக்குத் தகுதி உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் முன்பே தீர்ப்பளித்திருக்கிறது. நிறுவனங்கள் தாமாகச் சொல்வதில்லை. கேட்க வேண்டும், மறுத்தால் தொழிலாளர் துறையில் மனுப் போட வேண்டும். அவன் கேட்கவே இல்லை.

அதேபோல, சேரும்போது கொடுத்த போனஸைத் திருப்பிக் கேட்கும் ஷரத்து ஆஃபர் லெட்டரில் இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அப்பா அம்மா அதில் இருந்தால், தனிப் பாலிசி எடுத்த பிறகு தேதி குறியுங்கள். பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவு செய்யாமல், அதே யு.ஏ.என். எண்ணில் (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) புது நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 5 வருடத்துக்குள் எடுத்தால் வரி உண்டு. பி.எஃப். வழியாகக் கிடைக்கும் மாத ஓய்வூதியத்துக்கு வேண்டிய 10 வருடக் கணக்கும் அறுந்துபோகும்.

இதற்கு நேர் எதிரான நிலைமையும் வரும். அவர்களே உங்களை ஓர் அறைக்குள் உட்காரவைத்து, "இப்பவே ராஜினாமா எழுதிக் கொடுங்க, இல்லேன்னா ரெக்கார்டு கெட்டுப் போயிடும்" என்பார்கள். அந்த அறையில் கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டில் கலந்து பேசிவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று எழுந்து வாருங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947இன் 41ஆவது பிரிவு, 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் அனுப்பக் கூடாது என்கிறது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு அது பொருந்தாது. மற்றவர்களுக்கு அது பெரிய துணை. நீங்களாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தத் துணையும் போய்விடும்.

சரி, எல்லாவற்றையும் கணக்குப் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பதும் தவறுதான். ஞாயிறு மாலை வந்தாலே வயிறு பிசைகிறது, தூக்கம் போய்விட்டது, குழந்தையிடம் காரணமில்லாமல் எரிந்து விழுகிறோம் என்றால் உடம்பு சொல்லத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு அழைத்தால் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. கை ஓங்குகிறார், பொய்க் கணக்கில் கையெழுத்துக் கேட்கிறார், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்க்கிறது, இதில் எது நடந்தாலும் பணிக்கொடையை மறந்துவிட்டு உடனே வெளியே வாருங்கள். அந்தப் பணத்தைப் பிறகு சம்பாதித்துக்கொள்ளலாம்.

வெளியேறும்போது பழைய மேனேஜரைப் பற்றிப் புது நேர்காணலில் புலம்பாதீர்கள். "அங்கே கற்றுக்கொள்ள இனி அதிகம் இல்லை" என்றால் போதும். பேப்பர் போட்டதும் சம்பளத்தை ஏற்றித் தருகிறோம் என்பார்கள். சம்பளத்துக்காகத்தான் கிளம்பினீர்கள் என்றால் யோசியுங்கள். மனிதருக்காகக் கிளம்பினீர்கள் என்றால் அவர் அதே நாற்காலியில்தான் இருப்பார்.

சித்தி மகள் சனிக்கிழமை வந்தாள். மொட்டை மாடியில் உட்கார்ந்து நாட்காட்டியைப் புரட்டினோம். நான்கு வருடம் நான்கு மாதம் ஆகியிருந்தது. இரண்டு மாதம் வேலை தேடலாம், பேப்பர் போட்டபின் 90 நாளையும் முழுதாகப் பார்க்கலாம் என்று முடிவு செய்தாள். வேலை ஏழாவது வாரத்திலேயே கிடைத்தது. கடைசி நாளன்று ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று, சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டு எனக்குப் படம் அனுப்பினாள். பணிக்கொடைக்கான விண்ணப்பம் மேலாக இருந்தது. "240 நாள் தீர்ப்பையும் பின் பண்ணிட்டேன் அண்ணா" என்று கீழே எழுதியிருந்தாள்.