ஒரு சர்வர், ஒரு சோன்: சான் வலையமைப்பைப் பிரிக்கும் முறை

திருகோணமலையில் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி தொடங்கினால் மின்சாரம் போவதும் வருவதுமாக இருக்கும். உட்துறைமுக வீதிப் பக்கம் நான் கவனித்துக்கொள்ளும் அறையில் யூபிஎஸ் உண்டு, ஜெனரேட்டரும் உண்டு. ஆனாலும் நீண்ட மின்தடைக்குப் பிறகு சர்வர்கள் எல்லாம் ஒன்றாக எழும்பும் நிமிடங்களில்தான் சான், அதாவது சர்வர்களைப் பொதுச் சேமிப்பகத்தோடு இணைக்கும் தனி வலையமைப்பு, ஒழுங்காகப் பிரிக்கப்பட்டதா என்பது தெரியவரும்.

சான்களில் பரவலாகப் பயன்படும் ஃபைபர் சேனல் வலையமைப்பில் ஒரு கருவி சேர்ந்தாலோ விலகினாலோ சுவிட்ச் அதை மற்றவற்றுக்கு அறிவிக்கும், ஆர்எஸ்சிஎன் என்பார்கள். அறிவிப்புக் கிடைத்த சர்வர் தன் சேமிப்பகம் இருக்கிறதா என்று மீண்டும் விசாரிக்கும். அந்த வேளையில் வாசிப்பும் எழுத்தும் தடுமாறலாம். எல்லாம் ஒரே சோனில், அதாவது ஒன்றையொன்று பார்க்க அனுமதிக்கப்பட்ட கருவிகளின் ஒரே குழுவில், கிடந்தால், யாரோ சோதனைச் சர்வரை ரீஸ்டார்ட் செய்ய, சம்பளக் கணக்குச் சர்வர் திடுக்கிடும். பிரித்திருந்தால் அறிவிப்பு அந்தச் சோனைத் தாண்டாது.

ஆகவே ஒரு சோனில் ஒரேயொரு சர்வர் போர்ட். அத்துடன் அது பேசவேண்டிய சேமிப்பகப் போர்ட்டுகள் மட்டும். ஒன்றாகச் சேர்ந்து இயங்கும் கிளஸ்டர் சர்வர்களுக்கும் தனித்தனிதான். காப்புப்பிரதி எடுக்கும் டேப் கருவிக்கு வேறு சோன், முடிந்தால் சர்வரில் வேறு இணைப்பு அட்டை.

சுவிட்ச் துளையின் இலக்கத்தை வைத்தும் பிரிக்கலாம். நான் டபிள்யூடபிள்யூபிஎன் எனும் போர்ட் முகவரியையே நம்புகிறேன்; கேபிளை வேறு துளைக்கு மாற்றினாலும் சோன் குலையாது. அது 16 இலக்கப் பதினறும எண். சர்வர் அட்டையினுடையது பெரும்பாலும் 10 அல்லது 2 என்று தொடங்கும், சேமிப்பகத்தினுடையது 5 என்று. அதே அட்டைக்கு நோட் முகவரி என்று இன்னொன்றும் உண்டு. அசப்பில் ஒன்றுபோலவே இருக்கும், அதை எடுத்துவிடாதீர்கள். எண்ணைக் கையால் தட்டச்சு செய்ய வேண்டாம், சுவிட்சின் பட்டியலிலிருந்தே நகலெடுங்கள். பிறகு சர்வர் பெயரும் அட்டை எண்ணும் சேர்த்து அதற்கு ஓர் அலியாஸ், அதாவது மாற்றுப் பெயர், வையுங்கள். இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு. நாளை அட்டை பழுதாகி மாற்றினால் அலியாஸிலுள்ள எண்ணை மட்டும் திருத்தினால் போதும். கேபிளில் ஒட்டும் காகித லேபல் கடற்காற்றின் ஈரத்தில் உரிந்துவிடும். நான் பிளாஸ்டிக் லேபல்தான் வாங்குகிறேன்.

இனி ஆபத்தான இடம். சோன்களைச் சேர்த்து வைக்கும் சோன் தொகுதிகளில் ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே இயங்கும். புதிய சோனை மட்டும் வைத்துப் புதுத் தொகுதி ஒன்றை இயக்கினால், பழையதில் இருந்த அத்தனை சர்வர்களும் அந்தக் கணமே சேமிப்பகத்தை இழக்கும். எனவே இயங்கும் தொகுதியை முதலில் பிரதியெடுத்துவிட்டு, புதிய சோனை அதற்குள்ளேயே சேருங்கள். புரோகேட் சுவிட்சில் சேமிப்பது வேறு, இயக்குவது வேறு. சிஸ்கோ சுவிட்சில் இயக்கிய பின் கட்டமைப்பையும் பதிந்து வையுங்கள். சோனில் சேராத கருவிகள் ஒன்றையொன்று பார்க்காதபடி இயல்பு அமைப்பையும் மூடவேண்டும்; ஆனால் பழைய சர்வர்கள் எல்லாம் சோனுக்குள் வந்த பிறகுதான்.

இரண்டு ஃபேப்ரிக், அதாவது தனித்தனிச் சுவிட்ச் வலையமைப்புகள், இருந்தால் முதலில் ஒன்றில் மட்டும் செய்யுங்கள். சேமிப்பகத்துக்குப் போகும் பாதைகளைக் காட்டும் மல்டிபாத் பட்டியலைச் சர்வரில் திறந்து, எல்லாப் பாதைகளும் உயிரோடு இருப்பதைப் பார்த்த பிறகே மற்றதைத் தொடுங்கள். இரண்டிலும் ஒரே மாலையில் கை வைக்க நான் யாரையும் விடுவதில்லை.

எல்லாம் சரியாகச் செய்தும் வட்டு தெரியவில்லையென்றால் சுவிட்சைக் குடையாதீர்கள். எந்த வட்டு எந்தச் சர்வருக்கு என்பதைச் சேமிப்பகத்தில் தனியே ஒதுக்கவேண்டும். லன் மாஸ்கிங் என்பது அதுதான்.