கடனை மொத்தமாகப் பேசி முடித்தேன் – என் அனுபவம்

கிரெடிட் கார்டு பாக்கியும் தனிநபர் கடனும் தவணை தவறிக்கொண்டே போயின. வசூலுக்கு வருபவரிடம் கெஞ்சிப் பயனில்லை. தள்ளுபடி செய்யும் அதிகாரம் கடன் தந்த நிறுவனத்தின் செட்டில்மென்ட் (பாக்கியைக் குறைத்துப் பேசி முடிக்கும்) பிரிவுக்குத்தான். மொத்தமாக எவ்வளவு புரட்ட முடியும் என்று முதலில் கணக்குப் போட்டேன். ஆனால் பேச்சை அதில் பாதியிலிருந்துதான் ஆரம்பித்தேன். அபராத வட்டியைச் சுலபமாக விட்டுக்கொடுத்தார்கள், அசலில்தான் இழுபறி. காலாண்டு முடிவு நெருங்கியதும் கொஞ்சம் இறங்கி வந்தார்கள்.

போனில் ‘சரி சார்’ என்றதை நம்பிப் பணம் கட்டவில்லை. தொகை, கடைசித் தேதி, ‘இத்துடன் பாக்கி இல்லை’ என்ற உறுதி, இவை உள்ள கடிதம் வந்த பிறகே வங்கி வழியாக அனுப்பினேன். அப்புறம் நிலுவையில்லாச் சான்றிதழையும் விடாமல் கேட்டு வாங்கினேன்.

கிரெடிட் ரிப்போர்ட்டில், அதாவது என் கடன் வரலாற்று அறிக்கையில், ‘செட்டில்டு’ (முழுதாகக் கட்டாமல் பேசி முடித்தது) என்ற குறிப்பு சில வருடங்கள் இருக்கும், புதுக் கடன் கிடைப்பது கஷ்டம். எனக்கு அதில் வருத்தமில்லை.