கணக்குத் தொடங்கப் போகும் முன் ஆதார் லாக்கைப் பாருங்கள்

வங்கிக் கணக்குக்காக ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "ஆதாரை லாக் பண்ணி வச்சிருக்கீங்களா?" என்றுதான். அதாவது, ஆதாரில் உள்ள கைரேகையை யாரும் பயன்படுத்த முடியாதபடி பூட்டி வைப்பது. கடலூர் திருப்பாப்புலியூரில் கடை வைத்திருக்கிறேன். பாதிப் பேர் இல்லை என்பார்கள். ஆனால் பிள்ளைகள் பண்ணி வைத்திருப்பார்கள்.

தேவனாம்பட்டினத்து அக்கா ஒருவருக்கு அதுதான் நடந்தது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் போனில் ஓடிபி கேட்டு வாங்கி, அம்மாவின் கைரேகையை லாக் செய்துவிட்டார். நல்ல எண்ணம்தான், ரேகையை நகலெடுத்துப் பணம் உருவுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அக்காவுக்கு அது தெரியாது. வங்கியில் விரலை வைக்க வைக்க மெஷின் ஏற்கவில்லை. "மீன் அரிஞ்சு ரேகை தேஞ்சிடுச்சு, கையைக் கழுவிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். திரையில் வந்த பிழை எண்ணை யாரும் பார்க்கவில்லை. 300 வந்தால் ரேகை பொருந்தவில்லை என்று அர்த்தம். 330 வந்தால் லாக் ஆகியிருக்கிறது. அக்காவுக்கு வந்தது 330.

ஆதார் ஆப்பிலோ, ஆதாரை வழங்கும் யுஐடிஏஐ இணையதளத்திலோ லாக்கைத் தற்காலிகமாகத் திறக்கலாம். கொஞ்ச நேரத்தில் தானாகவே மறுபடி பூட்டிக்கொள்ளும். அதனால் முந்தின நாள் ராத்திரியே திறந்து வைத்துப் பயனில்லை. கவுண்டரில் உங்கள் முறை வரும்போது திறங்கள். ஆதாரில் பதிந்த போன் கையில் இருக்க வேண்டும், ஓடிபி அதற்குத்தான் வரும். ஆதார் எண்ணையே லாக் செய்திருந்தால் அந்த எண்ணுக்குப் பதிலாகக் கொடுக்கும் 16 இலக்க விர்ச்சுவல் ஐடி தேவைப்படும். மறந்துவிட்டதா? பதிந்த போனிலிருந்து 1947-க்கு எஸ்எம்எஸ் அனுப்பி வாங்கலாம்.

ரேகையே வேண்டாம், வீட்டிலிருந்தே ஓடிபி மூலம் தொடங்குகிறேன் என்றால் தொடங்கலாம். ஆனால் அந்தக் கணக்கில் இருப்பு 1 லட்சத்தைத் தாண்டக் கூடாது, ஓராண்டுக்குள் முழு கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) முடிக்க வேண்டும். வீடியோ கேஒய்சி செய்தால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்த பயம் சிபில், அதாவது கடனை எப்படித் திருப்பிக் கட்டினோம் என்பதை வைத்துப் போடும் ஸ்கோர். சாதாரண சேமிப்புக் கணக்குக்கு ஸ்கோர் தேவையில்லை. பழைய கடன் பாக்கி இருந்தாலும் அடிப்படை சேமிப்புக் கணக்கு கேட்கலாம், அதற்குக் குறைந்தபட்ச இருப்பும் கிடையாது. ஆனால் விண்ணப்பத்தில் கிரெடிட் கார்டு, ஓவர்டிராஃப்ட் (இருப்புக்கு மேல் எடுக்கும் கடன்) என்று சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். அங்கே டிக் அடித்தால் வங்கி உங்கள் கடன் அறிக்கையை எடுக்கும், அது அறிக்கையில் பதிவாகும், ஸ்கோர் கொஞ்சம் இறங்கலாம். வேண்டாததற்கு டிக் போடாதீர்கள். கடைக்குக் கரன்ட் அக்கவுன்ட் கேட்டால் இருக்கிற கடன்களைப் பற்றி விசாரிப்பார்கள், அது வேறு.

நாமே நம் அறிக்கையைப் பார்த்தால் ஸ்கோர் குறையாது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களிலும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். காசு வாங்கிக்கொண்டு 'கண்காணிக்கிறோம்' என்கிறவர்கள் பெரும்பாலும் தருவது ஒரு அலர்ட் மெசேஜ்தான். என் வாடிக்கையாளர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. அறிக்கையில் நீங்கள் கேட்காத கடன் விசாரணை இருந்தால், யாரோ உங்கள் பான் எண்ணை வைத்து முயன்றிருக்கலாம். உடனே அந்த நிறுவனத்தின் தளத்திலேயே ஆட்சேபம் போடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி விதி சொல்கிறது.

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பிரிட்டனில் மோசடி தடுப்பு அமைப்பான சிஃபாஸில் பாதுகாப்புப் பதிவு செய்திருந்தால் வங்கி கூடுதலாகச் சரிபார்க்கும், கணக்கு கிடைக்கத் தாமதமாகலாம். பாஸ்போர்ட்டும் முகவரிச் சான்றும் தயாராக இருக்கட்டும். அமெரிக்காவில் கிரெடிட் நிறுவனங்களிடம், அறிக்கையை யாரும் பார்க்காமல் இருக்கப் போட்ட ஃப்ரீஸை எடுத்தாலும் போதாமல் போகலாம். கணக்குத் தொடங்க அங்கே பல வங்கிகள் பழைய வங்கிக் கணக்குகளின் விவரம் வைத்திருக்கும் செக்ஸிஸ்டம்ஸ் பதிவைத்தான் பார்க்கின்றன, அதற்குத் தனி ஃப்ரீஸ் உண்டு. விண்ணப்பிக்கும் முன், எந்தப் பதிவைப் பார்ப்பீர்கள் என்று வங்கியிடமே கேட்டு, அந்தப் பதிவை வைத்திருக்கும் நிறுவனத்திடம் சொல்லி அதை மட்டும் சில நாளுக்குத் திறந்து வையுங்கள்.