‘தி ஆக்ஸ்போ’: பார்ப்பதிலும் பிரதி எடுப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க ஓவியர் தாமஸ் கோல் 1836-இல் வரைந்த இந்த ஓவியத்தின் முழுத் தலைப்பு நீளமானது: மாசசூசெட்ஸ் மாநிலம் நார்தாம்ப்டனில், ஹோலியோக் மலையிலிருந்து, இடிமழைக்குப் பின் தெரியும் காட்சி. இப்போது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தலைப்பை முழுதாகப் படித்தாலே தவறுகளில் பாதி வராது.

கோலை ஹட்சன் ஆற்று ஓவிய மரபின், அதாவது 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க இயற்கைக்காட்சி ஓவிய மரபின், முன்னோடி என்பார்கள். அதனால் படத்தில் ஓடுவதும் ஹட்சன்தான் என்று எழுதிவிடுகிறார்கள். அது கனெக்டிகட் ஆறு. ‘ஆக்ஸ்போ’ என்பது அதன் குதிரைக் குளம்பு வடிவ வளைவு.

அடுத்தது மழை. இடப்பக்கம் கருமேகம், சாய்ந்து விழும் மழைத்தாரை, பட்டுப்போன மரம். வலப்பக்கம் வெயில், வயல்கள். இதைப் பார்த்து, வயல்களை நோக்கிப் புயல் திரண்டு வருகிறது என்று விளக்கம் சொல்வோர் உண்டு. ‘இடிமழைக்குப் பின்’ என்று கோலே சொல்லிவிட்டார். மழை ஓய்ந்து விலகுகிறது, வெயில் திரும்புகிறது.

மலை உச்சியில் நின்று அப்படியே பார்த்து வரைந்த படம் என்று நம்புவதுதான் பெரிய தவறு. கித்தானின் அளவு 130.8 × 193 செ.மீ. அதைத் தூக்கிக்கொண்டு யாரும் மலையேறவில்லை. வண்ணத்தை வெளியே எளிதாகக் கொண்டுபோக உதவிய தகர டியூபுக்குக் காப்புரிமை கிடைத்ததே 1841-இல்தான். கோல் 1833-இல் உச்சியிலிருந்து பென்சிலில் கோட்டோவியம் எடுத்தார். அதற்கும் முன்பே, பிரிட்டிஷ் பயண எழுத்தாளர் பேசில் ஹால் 1829-இல் வெளியிட்ட பொறிப்புப் படத்தொகுப்பில் இருந்த இதே காட்சியை நகலெடுத்து வைத்திருந்தார். வண்ண ஓவியம் பிறந்தது பட்டறையில், ‘பேரரசின் போக்கு’ என்ற ஐந்து பட வரிசைக்கு நடுவே. அகச்சிவப்புக் கதிரில் ஆராய்ந்தபோது, அந்த வரிசையில் ஒரு படத்துக்காகப் போட்டுக் கைவிட்ட கோடுகள் இந்தக் கித்தானின் அடியில் தெரிந்தன. ஒரே பார்வையில் கண்ணுக்குள் அடங்காத அகலத்தை ஒரு சட்டத்துக்குள் இழுத்து வைத்திருக்கிறார். எனவே இன்றைய புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்து, எந்தக் குன்று இடம் மாறியிருக்கிறது என்று குறை காண்பதில் பொருளில்லை.

ஆற்று வளைவு துண்டாகி உருவாகும் குதிரைக் குளம்பு ஏரி என்று இதைப் பாடத்துக்கு எடுத்துக்காட்டும்போதும் கவனம் வேண்டும். வளைவின் வெளிக்கரையில் நீரோட்டம் வேகமாக ஓடி மண்ணை அரிக்கும். உள்கரையில் வேகம் குறைந்து வண்டல் படியும். வளைவு முற்றமுற்ற இரு முனைகளுக்கும் இடையிலுள்ள கழுத்து குறுகும். 1836-இல் ஆறு வளைவைச் சுற்றித்தான் ஓடியது. 1840 வெள்ளத்தில்தான் கழுத்து அறுந்து நேர்வழி திறந்தது. ஆக, படத்தில் இருப்பது ஏரி அல்ல, ஆறு.

தொலைவிலுள்ள குன்றில் மரம் வெட்டிய திட்டுகள் தெரியும். அவை எபிரேய எழுத்துகள், விவிலியத்தில் வரும் ‘நோவா’ என்று படிக்கலாம் என்பது 20-ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் முன்வைத்த வாசிப்பு. சுவையானதுதான், ஆனால் உறுதியான செய்தியாக எழுதக் கூடாது. காடு அழிந்த தழும்பு என்பதோடு நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பு. அதே 1836 ஜனவரியில் வெளியான தன் கட்டுரையில் கோடரியின் அழிவைக் கண்டு கோல் வருந்தியிருக்கிறார். வலப்பக்கம் நாகரிகத்துக்குப் பாடிய வாழ்த்து என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் இந்தத் திட்டுகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிரதி எடுப்பவர்கள் முதலில் சறுக்குவது கித்தான் வாங்கும்போது. அகலம், உயரத்தைப் போல ஏறத்தாழ 1.48 மடங்கு. 60 × 90 செ.மீ. வாங்கினால் ஒரு செ.மீ. அளவுக்குத்தான் வெட்டுப்படும். 16 × 20 அங்குலம் வாங்கினால், உயரம் 16-க்கு அகலம் 23.6 அங்குலம் தேவைப்படும். மூன்றரை அங்குலத்துக்கு மேல் போய்விடும். இடது ஓரத்து மரமோ வலது ஓரத்து வயலோ காணாமல் போகும்.

அருங்காட்சியகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பெரிய கோப்பையே பயன்படுத்துங்கள். சிறிய படத்தில் ஓவியர் தெரிய மாட்டார். நடுவை ஒட்டிக் கீழே, பாறைகளுக்கு இடையே தொப்பி அணிந்து திரும்பிப் பார்க்கும் சின்ன உருவம் கோல்தான். அவருக்கு வலப்புறம் பாறை மேல் குடை. அதனடியில் வைத்த, படங்கள் வைக்கும் பையில் அவர் கையெழுத்து. அந்த உருவத்தைப் புதர் என்று நினைத்துப் பச்சையால் மூடிவிடாதீர்கள்.

மேகத்துக்கு டியூப் கறுப்பை அப்பினால் ஓட்டை விழுந்ததுபோல் இருக்கும். அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பைக் கலந்தால் ஆழமும் வரும், ஓரங்களை மென்மையாக இழுக்கவும் முடியும். வயல்களுக்கும் டியூப் பச்சை வேண்டாம். மஞ்சள் ஓக்கர் கலந்து வெதுப்பாக்குங்கள். தொலைவு போகப் போக நீலமும் வெள்ளையும் சேர்த்து மங்கலாக்குங்கள். இலை விளிம்பைக் கூர்மையாக வைப்பது முன்பாறையில் மட்டும். தொலைவிலும் கூர்மை வைத்தால் பள்ளத்தாக்கு தட்டையாகிவிடும்.

ஆற்றை வெள்ளையாலேயே நிரப்புவதும் வழக்கமான சறுக்கல். நீர் வானத்தைத்தான் பிரதிபலிக்கிறது. எனவே வலப்பக்க வானத்தைவிட ஒரு படி அடங்கிய நிறம் போதும். வானத்தை முதலில் முடித்து, அதே கலவையில் துளி சாம்பல் சேர்த்து ஆற்றுக்கு இறங்குங்கள். எண்ணெய் வண்ண அடுக்குகளில் கீழே, வண்ணத்தை நீர்க்கச் செய்யும் டர்பன்டைன் கூடுதலாகவும் மேலே எண்ணெய் கூடுதலாகவும் இருக்கட்டும். மாறினால், வண்ணம் விரிசல் விடும்.