படபடப்பு வந்தால் முதலில் நாடியை எண்ணுங்கள்

கும்பகோணம் பக்கம் ஒரு கூட்டுறவு வங்கியில் காசாளராக இருக்கிறேன். நோட்டு எண்ணும் இயந்திரம் வருவதற்கு முன்பிருந்தே எண்ணிப் பழகிய விரல்கள். அவை ஒரு கார்த்திகை மாதத்தில் நடுங்கத் தொடங்கின. ஒரே கட்டை மூன்று முறை எண்ணினால் மூன்று கணக்கு வந்தது. நெஞ்சு அடித்துக்கொள்ளும், கழுத்து வியர்க்கும், வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் என்னையே பார்ப்பதாகத் தோன்றும்.

முதலில் பார்த்த மருத்துவர் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, "மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள் அம்மா" என்று தூக்க மாத்திரை எழுதினார். மாமியார் திருஷ்டி சுற்றிப் போட்டார். இரண்டுக்கும் படபடப்பு அசையவில்லை. நான்கு மாதம் கழித்து வேறொரு மருத்துவர்தான் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்துகொண்டிருந்தது. கிரேவ்ஸ் நோய் என்றார்: உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தூண்டிவிடும் நோய்.

தைராய்டு ஹார்மோன் கூடிவிட்டால், இதயம் அட்ரினலினின் சின்னத் தட்டலுக்கும் துள்ளி எழும். உடம்பு முதலில் ஓடத் தொடங்கிவிடும். எதற்கு ஓடுகிறோம் என்று மனம் பிறகுதான் காரணம் தேடும். நானும் தேடினேன். வீட்டுக் கடன், மகளின் பன்னிரண்டாம் வகுப்பு... காரணத்துக்கா பஞ்சம்?

ஆகவே நாடியிலிருந்து தொடங்குங்கள். ஒரு வாரம், காலையில் கண் விழித்ததும், எழுந்திருக்கும் முன், காபிக்கு முன், மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரல் வைத்து முழுதாக 60 வினாடி எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கும் குறுக்கு வழி வேண்டாம். தாளம் தப்புகிறதா என்பதும் தெரிய வேண்டும். பீதித் தாக்குதல் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அரை மணி நேரத்தில் அடங்கிவிடும். பிறகு நாடி பழைய நிலைக்குத் திரும்பும். மிகையான தைராய்டு அப்படி ஓய்வு தராது. விடியற்காலையில் எனக்கு 108. தூங்கும்போது என் கணவரை எண்ணச் சொன்னேன்: 102. தூங்குகிறவளுக்கு என்ன கவலை இருக்க முடியும்?

இன்னொன்று, கையை முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, மேலே ஒரு மெல்லிய தாளை வையுங்கள். நான் வைத்தது பணம் எடுக்கும் சீட்டு. கண்ணுக்குத் தெரியாத நடுக்கம் தாளின் ஓரத்தில் தெரிந்தது, காற்றில் அரசிலை படபடப்பதுபோல. இது நோயை உறுதி செய்யாது. மருத்துவரிடம் சொல்ல ஒரு செய்தி, அவ்வளவுதான். அதனுடன் இவற்றையும் எழுதிக்கொண்டு போங்கள்: நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைகிறதா, மார்கழியிலும் மின்விசிறி கேட்கிறதா, மாடிப்படியில் தொடை தளர்கிறதா, வயிறு அடிக்கடி போகிறதா, மாதவிலக்கு குறைந்திருக்கிறதா. குழந்தை பெற்று ஒரு வருடம் ஆகாதவர்கள் அதை முதல் வரியாகச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு அழற்சியைப் 'பச்சை உடம்புக்காரியின் பயம்' என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) முக்கியம், அதனுடன் தைராய்டு சுரக்கும் ஹார்மோன்களான ஃப்ரீ டி4, ஃப்ரீ டி3 வேண்டுமா என்று கேளுங்கள். முடி உதிர்கிறது என்று பயோட்டின் என்னும் வைட்டமின் மாத்திரை விழுங்குகிறவரா? மருத்துவரிடம் சொல்லிவிட்டு, குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். சில ஆய்வகக் கருவிகளில் அது இல்லாத நோயைக்கூட இருப்பதாகக் காட்டிவிடும். டி.எஸ்.எச். ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை இயல்பு என்பார்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும். எனக்கு 0.01-க்கும் கீழே. எண் குறைவு என்றால் சுரப்பு குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். சுரப்பி அதிகமாக வேலை செய்யும்போது மூளையிலிருந்து வரும் இந்தத் தூண்டுதல் படுத்துவிடும்.

தைராய்டு சுரப்பு குறைவுக்காக ஏற்கெனவே தைராக்சின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாத்திரை அளவைக் கூட்டிய சில வாரங்களில் படபடப்பு வந்தால், அளவு மிஞ்சியிருக்கலாம். நீங்களாக நிறுத்தாமல் பரிசோதித்துக் கேளுங்கள். எடை குறையட்டும் என்று இரண்டாகப் போட்டுக்கொண்ட ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். எடை குறைந்ததோ இல்லையோ, தூக்கம் போனது. சுரப்பு குறைந்தவர்களுக்கும் பதற்றம் வரலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முடிவுகள் இயல்பாக வந்தாலோ, உங்கள் பயம் பொய் என்று பொருளல்ல. வைத்தியம் வேறு பக்கம், அவ்வளவே. மாதாமாதம் இரத்தம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

எனக்குச் சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை கொடுத்தார்கள். அது பலன் காட்டச் சில வாரம் ஆகும். அதுவரை நெஞ்சை அடக்கப் புரோப்ரனலால். ஆஸ்துமா இருந்தால் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். கார்பிமசோல் சாப்பிடும்போது தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தால் மறுவேளை மாத்திரையைப் போடாமல் அன்றே போய் வெள்ளையணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத் திணறல், தாளம் தப்பிய நாடி இவற்றுக்கு நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருக்காதீர்கள். நேரே அவசரப் பிரிவு.

இரத்த அளவுகள் சரியான பிறகும் எனக்குக் கவுன்டரில் உட்காரப் பயமாக இருந்தது. உடம்பு மறந்ததை மனம் மறக்கவில்லை. மனநல ஆலோசகர், மருத்துவரின் சம்மதத்துடன், என்னை வேண்டுமென்றே மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னார். மூச்சிரைக்க உட்கார்ந்து நாடியைப் பார்ப்பேன்: 124. இரண்டு நிமிடத்தில் 100. ஐந்து நிமிடத்தில் 82. தானாக ஏறியது தானாக இறங்குவதை இருபது முப்பது முறையாவது பார்த்திருப்பேன்.

அடுத்த மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் நோட்டு எண்ணும் இயந்திரம் பழுதாகி நின்றது. கையாலேயே எண்ணினேன். ஒரு கட்டில் மட்டும் ஒரு தாள் குறைந்தது. கட்டிக் கொடுத்தவரின் தவறு அது.